மூக்குத்தி எந்தப் பக்கம்?

போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஒருவர், நான் வரைந்த அவர் அப்பா படத்தை வாங்கிப் போக வந்தார். முன்பணம் கொடுத்தவர், பென்சில் ஸ்கெட்ச்சைப் பார்த்துச் சரி சொன்னவர், பாதி வேலையில் ஒருமுறை நேரிலும் வந்து பார்த்தவர். படம் நிறுத்தியிருந்த ஈசல் ஸ்டாண்டுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் எதுவும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ரொம்ப நல்லா இருக்குங்க மேடம். ஆனா எங்க அப்பா இவர் இல்ல."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் கொடுத்த போட்டோவை டிரேசிங் ஷீட்டில் எடுத்து ஒட்டிப் பார்த்தால் கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்திருந்தன. என்ன குறை என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டு, படத்தைத் துணி போட்டு மூடிவிட்டு, அப்பாவைப் பற்றிச் சும்மா பேசுங்கள் என்றேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவராம். நாம் எதிரில் போய் நின்றால் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டாராம், கண்ணை மட்டும் தூக்கிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாராம். சொல்லும்போதே இவர் செய்து காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. போட்டோ ஸ்டூடியோவில் எடுத்தது. எடுத்தவர் "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்று சொல்லியிருப்பார், அந்த மனிதரும் வாழ்க்கையில் அந்த ஒரு நாள் மட்டும் தலையைத் தூக்கி உட்கார்ந்திருப்பார். நான் அந்த ஒரு நாளை அப்படியே எடுத்து வரைந்து வைத்திருக்கிறேன்.

தாடையை இறக்குவது என்றால் தாடையை மட்டும் இறக்குவது இல்லை. நெற்றி கூடுதலாகத் தெரியும், கழுத்து குறையும், கண்ணோடு ஒப்பிட்டால் காது மேலே ஏறும், மூக்கின் அடிப்பக்கம் மறையும். எட்டு நாள் ஆனது. வந்து பார்த்தவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, போனை எடுத்து அக்காவுக்கு வீடியோ கால் போட்டுப் படத்துக்கு நேராகப் பிடித்தார். அந்த எட்டு நாளுக்குத் தனியாகக் காசு கேட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், கேட்கவில்லை.

முகம் வரைந்து கொடுக்கிற நாங்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சீக்கிரமே கஸ்டமரைத் திட்டுவதில் வந்து நிற்கும். ரசனை கிடையாது, பிரின்ட் மாதிரி வேண்டும் என்கிறார்கள், நம் கைக்கு மதிப்பே இல்லை என்று. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கர் படத்துக்குப் பிறகு அந்தப் பேச்சில் எனக்குச் சுவாரசியம் குறைந்துவிட்டது. அவர் அந்த முகத்தை நாற்பது வருஷம் பார்த்திருக்கிறார், நான் அதன் போட்டோவை மூன்று வாரம் பார்த்திருக்கிறேன். பெயின்ட் எனக்குத் தெரியும், முகம் அவருக்குத் தெரியும். சண்டை வருவது இந்த இரண்டுக்கும் எல்லை எங்கே என்பதில்தான், அந்த எல்லையோ ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் கிடக்கிறது.

என் பாணி என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுத்தவர் என் அப்பா. அவர் பேனர் ஆர்ட்டிஸ்ட், திருச்சியில் தியேட்டர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். வரைவது என்று அவர் சொல்லவே மாட்டார், பேனர் எழுதுவதுதான். கட்டம் போட்டு, ஒரு சின்ன ஸ்டில்லை இருபது அடிக்குப் பெருக்குவார். அந்த முகம் ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவனைப் பிடித்து நிறுத்த வேண்டும், அதனால் நிழலில் நீலம் போகும், தாடை விளிம்பில் பச்சை ஓடும், கன்னத்தில் ரோஸ். பக்கத்தில் நின்று பார்த்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றால் நடிகர் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். வேலை நடுவே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, பேனருக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகப் பார்ப்பார். இடவலம் மாறித் தெரியும்போது கோணல் உடனே பிடிபடும். எண்ணெய்ச் சாயம் தோய்ந்த அந்தக் கண்ணாடி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, சில வருஷங்களிலேயே எல்லாம் முடிந்தது. ராத்திரி பகலாகச் சாரத்தில் நின்றவர்கள் பெயின்ட் கடை, வாட்ச்மேன் வேலை என்று சிதறிப் போனார்கள். அப்பா படத்திறப்பு விழாக்களுக்கு முகம் வரைந்து கொடுக்க ஆரம்பித்தார். பதினாறாம் நாளுக்குள் வேண்டும் என்பார்கள், அதற்குள் ஆயில் பெயின்ட் காயாது. பாதிப் படங்கள் மேடைக்குப் போகும்போது ஈரமாகத்தான் போயிருக்கும், மாலை படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவார்.

நான் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தபோது முதல் வேலையாக அந்த நீலத்தைக் கையிலிருந்து கழற்றினேன். எதிரே உட்கார்ந்திருக்கும் மாடலின் முகத்தில் நீலம் இல்லையே, எங்கிருந்து போடுகிறாய் என்று கேட்டால் பதில் இல்லை. நாலு வருஷத்தில் கழன்றும் போயிற்று. அப்புறம் ஒருநாள், மாநிறத்துக்கும் கீழே நல்ல கறுப்பான ஒரு பாட்டியை மதிய வெளிச்சத்தில் வாசலில் உட்கார வைத்து வரைந்தபோது, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வானம் நீலமாகப் படிந்து கிடப்பதைப் பார்த்தேன். அப்பா போட்ட நீலம் பொய் இல்லை, கொஞ்சம் கூட்டிச் சொன்னது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அது என் படங்களில் திரும்ப வந்துவிட்டது, கொஞ்சம் அடக்கமாக.

அந்த நீலத்தோடு நேராகப் போய் மோதுகிற வாசகம் ஒன்று இருக்கிறது. பத்தில் ஏழு கஸ்டமராவது சொல்வார்கள். "கொஞ்சம் கலரா போடுங்க மேடம்."

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலராக என்றால் நிறம் இல்லை, வெளுப்பு. கறுப்பான அப்பாவை மாநிறமாக்க வேண்டும், மாநிற அம்மாவைச் சிவப்பாக்க வேண்டும். கறுப்பு வெள்ளை போட்டோ மட்டும் இருந்தால் தீர்ந்தது, இறந்தவர்கள் எல்லாருமே "நல்ல சிவப்பு". பழைய ஸ்டூடியோ படங்களில் முகத்துக்குப் பவுடர் அப்பி, நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து வைத்திருப்பார்கள், அந்த வெளுப்புதான் பேரன் பேத்திகளின் ஞாபகத்தில் தாத்தாவின் நிறமாகத் தங்கிவிடுகிறது.

பெயின்ட் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள சங்கடம் தெரியும். கறுப்புத் தோலில் வெள்ளையைக் கலந்து நிறத்தை ஏற்ற முடியாது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் சேர்ந்து கொடுக்கிற அந்த ஆழத்தில் டைட்டானியம் ஒயிட் விழுந்தால் முகம் சிவக்காது, சாம்பல் பூக்கும், திருநீறு பூசிக் கழுவாத மாதிரி நிற்கும். எல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சளும் கொஞ்சம் வெர்மிலியன் சிவப்பும் வைத்துச் சூடேற்றிச் சமாளிக்கலாம்தான். ஆனால் நிறத்தை ஏற்ற ஏற்ற பளபளப்பு செத்துப்போகும். கறுப்புத் தோலில் வெளிச்சம் விழுந்தால் அது வெளிச்சத்தின் நிறத்திலேயே மின்னும், அடியிலுள்ள ஆழத்துக்கும் அதற்கும் உள்ள தூரம்தான் அந்த முகத்தின் அழகு. வெளுத்த முகத்தில் அந்தத் தூரம் சுருங்கிவிடும். முகத்தின் வடிவமே தட்டையாகும். நான் நாலு நாள் பார்த்துப் பார்த்துக் கட்டிய கன்ன எலும்பு "கொஞ்சம் கலரா"வில் கரைந்து போகும்.

ஓவியர் இளையராஜாவின் படங்கள் வீடு வீடாகப் போன பிறகு எனக்குக் கொஞ்சம் வசதியானது. கதவிடுக்கிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் வெளிச்சம் விழும் நம் ஊர் வீடுகள், அதில் நம் ஊர் நிறத்துப் பெண்கள். கும்பகோணம் பக்கத்துக்காரர், 2021 ஜூனில் கொரோனா கொண்டுபோய்விட்டது. அந்தப் படங்களை போனில் எடுத்துக் காட்டி, இந்த அம்மா கறுப்புதானே, அழகாக இல்லையா என்று கேட்பேன். "அழகா இருக்காங்க மேடம்" என்பார்கள். அடுத்த வரி: "ஆனா இது எங்க அம்மா ஆச்சே."

அந்த அடுத்த வரியில் நான் பலமுறை தோற்றிருக்கிறேன். ஒரு தோல்வி இன்னும் உறுத்துகிறது. ஒரு பெண்மணி தன் தங்கை படம் கேட்டார், இருபத்திரண்டு வயதில் இறந்த பெண். நல்ல கறுப்பு, நல்ல சிரிப்பு. அப்படியே வரைந்தேன், எனக்கே பிடித்திருந்தது. அக்கா பார்த்துவிட்டு, "அவளை உயிரோட இருந்தப்பவே எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க. படத்துலயாவது..." என்று நிறுத்திவிட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. வெளுப்பாக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை. செய்தது தப்பு என்று மட்டும் தெரிகிறது. அவளை வாழ்நாள் முழுக்கச் சொன்ன பேச்சை நானும் என் பிரஷ்ஷால் ஒருமுறை சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன்: நகை போடச் சொன்னால் போடுவேன், கிழிந்த சட்டையைத் தைத்துவிடுவேன், பல்லைச் சரி செய்வேன், நிறத்தை மாற்ற மாட்டேன். இதனால் வருஷத்துக்கு நாலைந்து ஆர்டர் போகிறது. போகட்டும் என்று சொல்கிற அளவுக்கு வசதி இல்லை, ஆனாலும் போகிறது.

நகை விஷயத்தில் ஏன் இவ்வளவு தாராளம் என்று கேட்டால், அப்பாதான் காரணம். படம் கேட்டு வருகிறவர்களின் அம்மா ஆயுசுக்கும் ஒரு மஞ்சள் கயிற்றோடு இருந்திருப்பார், பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பிக்கும்போது போய்ச் சேர்ந்திருப்பார். படத்தில் ஒரு காசு மாலை போடச் சொல்கிறார்கள். "வாங்கிக் குடுக்க நெனச்சது அது, போட்டு விட்ருமா" என்பார் அப்பா. ஆரம்பத்தில் நான் முகம் சுளிப்பேன், படத்தின் எளிமை கெடுகிறதே என்று. இப்போது போட்டுவிடுகிறேன். மஞ்சள் உலோகம் தாடைக்குக் கீழே ஒரு சூடான வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அதை வைத்து விளையாட எனக்கும் பிடிக்கும். அவர்கள் கேட்ட மாலைக்குள் நான் எனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறேன், யாருக்கும் தெரிவதில்லை.

வேலை நடக்கும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நான் முகத்துக்கு அடியில் ஒரு மங்கின பச்சை போட்டு, அதன் மேல் தோல் நிறத்தை ஏற்றுகிறவள். அந்தக் கட்டத்தில் ஒருமுறை படத்தை அனுப்பிவிட்டேன். அது குடும்ப குரூப்புக்குப் போய், துபாயிலிருந்து பெரிய மருமகன் "மாமா ஏன் பச்சையா இருக்காரு" என்று கேட்டு, ராத்திரி பதினொன்றரை வரை எனக்கு போன். ஒரு முகத்துக்கு ஒன்பது நடுவர்கள். அதிலிருந்து யாராவது ஒருவர்தான் பேச வேண்டும், ஸ்கெட்ச்சில் எத்தனை திருத்தம் வேண்டுமானாலும், பெயின்ட்டில் இரண்டு என்று வைத்திருக்கிறேன். பாதிப் பணம் முதலில், மீதி படம் வாங்கும்போது.

இந்த மீதிப் பணச் சண்டை புதிது இல்லை. 1654இல் ஆம்ஸ்டர்டாமில் டியேகோ தாந்த்ராதா என்ற போர்ச்சுகீசிய வியாபாரி, ஒரு இளம்பெண்ணின் படத்துக்கு 75 கில்டர் முன்பணம் கொடுத்துவிட்டு, வந்து பார்த்து, இது அந்தப் பெண் மாதிரியே இல்லை, மாற்று அல்லது பணத்தைத் திருப்பு என்று நோட்டரி மூலம் எழுதி அனுப்பினார். வரைந்தவர் பெரிய டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட். மீதியைக் கொடு அல்லது அதற்கு உத்தரவாதம் கொடு, அதுவரை படத்தைத் தொட மாட்டேன், பெண்ணின் சாயல் இருக்கிறதா இல்லையா என்று எங்கள் ஓவியர் சங்கத்துத் தலைவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று பதில் போனது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ரெம்ப்ராண்டிடமே "ஜாடை வரல" என்று சொல்லியிருக்கிறார்கள்! ஆனால் யோசித்தால் ஒன்று இடிக்கிறது. ஜாடையைத் தீர்மானிக்க ஓவியர்களைக் கூப்பிட்டார் பாருங்கள், அந்தப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிடவில்லை.

சர்ச்சில் கதை இன்னும் மோசம். 1954இல், பிரதமராக இருந்த அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்குப் பிரிட்டிஷ் பார்லிமென்ட்டின் இரு அவைகளும் சேர்ந்து ஓவியர் கிரஹாம் சதர்லேண்டிடம் படம் வரையச் சொல்லிப் பரிசளித்தன. தளர்ந்து, கனத்து, நாற்காலியில் அமிழ்ந்த கிழவராக அவரைச் சதர்லேண்ட் பார்த்தார், பார்த்ததை வரைந்தார். விழா மேடையில் சர்ச்சில் இதை நவீன ஓவியத்துக்கு ஒரு குறிப்பிடத்தக்க உதாரணம் என்றார், கூட்டம் சிரித்தது. படம் வீட்டுக்குப் போனது, அப்புறம் எரிக்கப்பட்டது. சர்ச்சிலின் மனைவி 1977இல் இறந்த பிறகுதான் அழிந்த சேதியே வெளியே வந்தது. இன்றைக்கு அதற்கான முன்வரைவுகளைப் பார்க்கிறவர்கள் என்ன அருமையான படம் என்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வீட்டுச் சுவரில் அதை மாட்டிக்கொண்டு தினம் சாப்பிட உட்கார வேண்டியவள் நான் இல்லையே. படம் கேட்டவர்கள் எம்.பி.க்கள், வாழ வேண்டியவர்கள் வீட்டார். காசு கொடுக்கிறவரும் பார்க்கப் போகிறவரும் வேறாக இருந்தால் நான் இப்போதெல்லாம் இரண்டாமவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் பிரஷ்ஷைத் தொடுவதில்லை.

உயிரோடு இருப்பவர்கள் தங்கள் படத்தையே கேட்டு வருவது வேறு தொல்லை. செல்ஃபி அனுப்புவார்கள், கை எட்டும் தூரத்தில் எடுத்தது, மூக்கு பெருத்துக் காது பின்னால் ஓடியிருக்கும். அதைச் சரிசெய்து வரைந்தால் "இது நான் இல்ல" என்பார்கள். காரணம் ரொம்ப நாள் பிடிபடவில்லை. நம்மை நாம் பார்ப்பது கண்ணாடியில்தானே, இடவலம் மாறிய முகத்தைத்தான் 'நான்' என்று பழகியிருக்கிறோம். ஊருக்குத் தெரிந்த நம் முகம் நமக்கு மட்டும் அந்நியம். இப்போது அப்பாவின் கண்ணாடியைக் கொடுத்து அதில் படத்தைப் பார்க்கச் சொல்கிறேன். "ஆமா, இப்ப சரியா இருக்கு" என்று சிரிக்கிறார்கள். போட்டோவைத் தெளிவாக்கும் ஆப்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மங்கலான அம்மாவின் கண்ணுக்குப் பதில் வேறு யாருடைய கண்ணையோ கொண்டுவந்து வைத்துவிட்டு, தெளிவாக்கிவிட்டேன் என்கிறது.

சரி, இந்த மூக்குத்திக்கு வருகிறேன்.

இந்த வருஷம் மாசியில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து வந்தார்கள், பெரியவருக்கே ஐம்பது இருக்கும். அப்பா முப்பத்தோரு வயதில் லாரி விபத்தில் போய்விட்டார், கடைக்குட்டி அப்போது கைக்குழந்தை. அம்மா எழுபத்தெட்டு வயது வரை இருந்து போன வருஷம்தான் இறந்திருக்கிறார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். அப்பாவுக்கு ஒரு ஸ்டூடியோ போட்டோ. அம்மாவுக்குக் கரேலென்று ஒரு வாக்காளர் அட்டை நகலும், பேத்தி எடுத்த ஒரு செல்ஃபியும், கழுத்து வரை.

பெரியவர் அப்பாவுக்கு வயசைக் கூட்டிக் கிழவராக்கச் சொன்னார். நடுப்பிள்ளை அம்மாவை இளமையாக்கச் சொன்னார். கடைசிப் பெண், "வயசான அப்பாவை எங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது" என்றார். எனக்கோ அவர்கள் பேசப் பேசப் படம் கண்ணில் வந்துவிட்டது: அம்மா மட்டும் திண்ணையில், பின் சுவரில் மங்கலாகக் கறுப்பு வெள்ளையில் சட்டம் போட்ட அப்பா, பக்க வெளிச்சம். காலக் கணக்கும் சரியாக வரும், என் கைக்கும் ஏற்ற படம். அப்படியே ஸ்கெட்ச் போட்டு அனுப்பினேன், பெருமையாகத்தான். கடைசிப் பெண் போன் செய்தார். "அக்கா, அப்பாவைச் சுவத்துல பாத்தது போதும். எறக்கிக் கீழ உக்கார வைங்க."

கிழித்துப் போட்டுவிட்டேன். முப்பத்தோரு வயதுக்காரரையும் எழுபத்தெட்டு வயதுக்காரியையும் ஒரே திண்ணையில், ஒரே வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். பேரனும் பாட்டியும் மாதிரி தெரியுமோ என்று பயந்துகொண்டே வரைந்தேன், புடவையும் வேட்டியும் தெருவில் தெரிந்தவர்களை உட்கார வைத்துப் பார்த்துப் போட்டேன். அந்த அப்பா அம்மா பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறார், அவர் கன்னத்தில் அந்தப் புடவையின் அரக்கு கொஞ்சம் படிந்திருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. நிறத்தைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை.

படம் வாங்க வந்த அன்று பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு மூக்குத்தி வலப்பக்கம்ல இருக்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில போன்களில் முன்பக்க கேமரா கண்ணாடியில் தெரிகிற மாதிரியே படத்தைச் சேமிக்கும். ஊருக்கெல்லாம் கண்ணாடி விளக்கம் சொல்கிற நான் அதைக் கவனிக்காமல், அந்த அம்மாவின் முழு முகத்தையும் இடவலம் மாற்றி வரைந்து வைத்திருக்கிறேன். கன்னத்து மச்சம், கொஞ்சம் தூக்கலான புருவம், எல்லாம். பத்து நாள் கொடுங்கள், முகத்தை அழித்துத் திரும்ப வரைந்து தருகிறேன் என்றேன். மூவரும் பதறிப் போனார்கள். "ஐயோ, முகம் சரியாத்தான் இருக்கு, அதைத் தொட்றாதீங்க. மூக்குத்தியை மட்டும் மாத்துங்க."

அந்த செல்ஃபிதான் ஒரு வருஷமாக மூன்று பேர் போனிலும் முகப்புப் படம். மாற்றினேன், அரை மணி நேர வேலை. காய்வதற்கு ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்தபோது அப்பா வந்தார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மேஜையில் கிடந்த வாக்காளர் அட்டை நகலை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். வழக்கம்போலப் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகக் கண்ணாடியைத் தூக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"கண்ணாடியிலதாம்மா இந்தம்மா சரியா இருக்காங்க. மூக்குத்திதான் தப்பா இருக்கு."